விளக்கைத் தரையைப் பார்த்துத் திருப்புங்கள்: எங்கள் ஊர் நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர் மற்றும் வார்டு உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

போன மாதக் கூட்டத்தில், ஊருக்குள் இன்னும் 9 இடங்களில் உயர்கோபுர மின்விளக்கு அமைப்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்று ஏரிக்கரையில் வரப்போகிறது. எங்கள் முச்சந்தியில் ஏற்கெனவே ஒன்றை நட்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைப் பற்றி இரண்டு முறை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். இரண்டுக்கும், "பொதுமக்கள் பாதுகாப்பு கருதி அமைக்கப்பட்டுள்ளது, மனு முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரே வரிதான் பதிலாக வந்தது. நான் கேட்ட எதற்கும் அந்த வரியில் பதில் இல்லை. ஒன்றையே திருத்தாமல் இன்னும் 9 என்றால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பார்ப்பவன். பத்து வருடமாக வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து நெபுலா எனும் விண்வெளி வாயு மேகங்களையும், கேலக்ஸி எனும் பிரம்மாண்டமான நட்சத்திரத் தொகுதிகளையும் படம் எடுக்கிறேன். கிணற்றுக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவில் கொஞ்சம் சிமெண்ட் பூசி, முக்காலியின் மூன்று கால்களுக்கும் குறி போட்டு வைத்திருக்கிறேன். அதுதான் என் ஆய்வுக்கூடம். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்னத் தொலைநோக்கி, அதைத் தாங்கித் திருப்பும், பழையதாக வாங்கிய ஒரு மவுண்ட், ஒரு பழைய கேமரா, அவ்வளவுதான். நெபுலாவில் ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு ஒளியைச் சாதாரண கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். அதனால் அந்தக் கண்ணாடியை மட்டும் கழற்றி வாங்கினேன்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என் புகார் புரியாது. பூமி சுற்றுவதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். மவுண்ட் அந்த நகர்வுக்கு ஈடுகொடுத்துத் தொலைநோக்கியைத் திருப்பும். அதற்கு முதலில் அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை ஒட்டிய புள்ளிக்கு நேராக வைக்க வேண்டும். நம்மூரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பன்னிரண்டரை டிகிரி உயரத்தில்தான் இருக்கும். எனக்கு அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைமரத்துக்கும் இடையே ஒரு முழ இடைவெளியில் தெரியும். அதைப் பிடித்து நேராக்கவே அரை மணி நேரம் போய்விடும். அப்புறம் இரண்டு இரண்டு நிமிடமாக, ஒரே இடத்தை நூறு தடவை, இருநூறு தடவை படம் எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒரே படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல், அடுக்க அடுக்கக் குறையும். ஆனால் இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு படம் வேண்டும். ஒரு நல்ல படத்துக்குப் பல இரவுகள் ஆகிவிடுகின்றன.

அப்படி எத்தனை இரவுகள்தான் கிடைக்கின்றன? ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனி முதல் ஆவணி வரை மேகம். மீதியில் நிலா இல்லாத இரவுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், என் நோட்டுக் கணக்குப்படி போன வருடம் முழுக்க 31. ஒவ்வொன்றையும் மறுநாள் வேலைக்குப் போகும் உடம்போடு விழித்திருந்துதான் சேர்த்தேன். ஓரியன் நெபுலா, ரொசெட் நெபுலா, 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி எல்லாம் இந்தக் கொல்லையிலிருந்து எடுத்தவைதான். தெருப் பிள்ளைகள் அச்சடித்து வாங்கிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

முன்பும் எங்கள் தெரு இருட்டு கிடையாது. மஞ்சள் சோடியம் விளக்குகள் எரிந்தன. அவற்றின் ஒளி பெரும்பாலும் மஞ்சள் நிறத்தைச் சுற்றியே இருக்கும் என்பதால், அதை மட்டும் தடுத்து மற்றதை உள்ளே விடும் ஃபில்டரைப் போட்டு ஓரளவு சமாளித்தேன். வெள்ளை எல்இடி அப்படி இல்லை. நீலத்தில் ஆரம்பித்துச் சிவப்பு வரை எல்லா நிறத்திலும் அதன் ஒளி பரவிக் கிடக்கிறது. இதில் எதை என்று தடுப்பது? நெபுலாவுக்காவது ஒரு வழி இருக்கிறது. அதன் வாயு சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டுமே ஒளிர்கிறது; ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில், ஆக்சிஜன் 501-இல். அந்த இரண்டை மட்டும் விடும் குறுகிய ஃபில்டர் கிடைக்கிறது, விலைதான் என் ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டி வரும். வாங்கினேன். கேலக்ஸிக்கு அந்த வழியும் கிடையாது. கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி, அதுவும் எல்லா நிறத்திலும்தான் வருகிறது. தெருவிளக்கைத் தடுக்கும் எதுவும் கேலக்ஸியையும் சேர்த்தே தடுத்துவிடும்.

இன்னொன்று. நீங்கள் மாட்டியிருப்பது 6500 கெல்வின், பெட்டியில் 'கூல் டேலைட்' என்று போட்டிருக்கும் வகை. கெல்வின் என்பது இங்கே வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடக் கூட நீலம் கூடும். அதில் நீல ஒளி மிக அதிகம். பகலில் வானம் நீலமாகத் தெரிவதற்கு என்ன காரணமோ அதே காரணத்தால், காற்றில் அந்த நீலம் மஞ்சளைவிட ஏறத்தாழ 3 மடங்கு அதிகமாகச் சிதறி வானம் முழுக்கப் பரவுகிறது. மேலே போகும் வெளிச்சம் அதே அளவு இருந்தாலும், நிறம் மாறியதாலேயே வானம் இன்னும் வெளுத்துப்போகும்.

எங்கள் முச்சந்திக் கம்பம் 12 மீட்டர் உயரம். அதில் 6 ஃப்ளட் லைட். எல்லாம் தரையைப் பார்க்காமல் பாதிக்குப் பாதி வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. என் கொல்லையிலிருந்து நேர் தெற்கே 35 மீட்டர். வானத்தின் பளபளப்பை அளக்கும் ஒரு சின்னக் கருவி என்னிடம் இருக்கிறது. கம்பம் வருவதற்கு முன்னால் நல்ல இரவுகளில் தலைக்கு நேர் மேலே 19.2 காட்டிய கருவி, இப்போது 18.4 காட்டுகிறது. எண் குறைந்தால் வானம் பிரகாசமாகிவிட்டது என்று அர்த்தம். சின்ன வித்தியாசம்போலத் தெரியும், ஆனால் இந்த அளவுகோலில் அது இரண்டு மடங்கு. முன்பு 8 மணி நேரத்தில் கிடைத்த படத்துக்கு இப்போது 16 மணி நேரம் வேண்டும். இது உச்சி வானத்தின் கணக்கு. தெற்குத் திசையைப் பற்றி என்ன சொல்வது?

தெற்கு வானம் நமக்குக் கிடைத்த கொடை. ஐரோப்பாவில் பெரும்பாலான ஊர்களில் தெற்குச் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. கரீனா நெபுலா, ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து, சென்டாரஸ் ஏ கேலக்ஸி என்று அங்கே இருக்கிறவர்கள் விமானம் ஏறிப் போய்ப் படம் எடுப்பதையெல்லாம், நாம் மாசி முதல் சித்திரை வரை கொல்லையில் உட்கார்ந்தே எடுக்கலாம். தெற்குச் சிலுவையும் கரீனா நெபுலாவும் நம்மூரில் உச்சத்துக்கு வரும்போது அடிவானத்திலிருந்து 18 டிகிரி உயரத்தில் இருக்கும். என் முக்காலி இருக்கும் இடத்திலிருந்து உங்கள் விளக்கு இருக்கும் உயரம் 17 டிகிரி. கணக்குப் போட்டுப் பார்த்தபோது கண்ணே கலங்கிவிட்டது. 7,500 ஒளியாண்டுக்கு அப்பால் இருந்து வரும் ஒரு ஒளிக்கு நேர் முன்னால் ஆறு ஃப்ளட் லைட்.

சென்டாரஸ் ஏ கொஞ்சம் மேலே, 34 டிகிரியில் வரும். உருண்டையான கேலக்ஸி, நடுவில் கறுத்த பட்டையாகத் தூசு. அதைத்தான் இரண்டு சித்திரைகளாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வருடம் இன்னும் நான்கு இரவுகள் எடுத்தால் முடிந்துவிடும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த மாசியில் கம்பம் வந்தது. முதல் படத்தைத் திறந்தபோது திரை முழுக்கச் சாம்பல் நிறம். இரண்டு நிமிடம் வேண்டாம், அரை நிமிடத்திலேயே கேமரா நிரம்பிவிட்டது. தொலைநோக்கியின் வாய்க்கு அட்டையைச் சுருட்டி நீளக்குழாய் செய்து மாட்டினேன், மதிலில் தார்ப்பாய் கட்டினேன், முருங்கைமரத்துக்குப் பின்னால் இடம் மாற்றினேன். நேராக விழும் வெளிச்சம் குறைந்தது. வானத்தில் ஏறிவிட்ட வெளிச்சத்தை எந்தத் தார்ப்பாயால் மறைக்க முடியும்? அந்தப் படம் இன்னும் முடியவில்லை.

"நாலு நட்சத்திரம் பார்க்கிறதுக்காக ஊரை இருட்டாக்கச் சொல்றீங்களா?" என்று எங்கள் வார்டு உறுப்பினர் நேரில் கேட்டார். நியாயமான கேள்விதான், அதனால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். இருட்டாக்கச் சொல்லவில்லை. என் மகள் இரவு எட்டரைக்கு டியூஷன் முடிந்து அந்த முச்சந்தி வழியாகத்தான் ஸ்கூட்டரில் வருகிறாள். அவளுக்கு ரோடு தெரிய வேண்டும். இப்போது தெரிகிறதா? கிழக்கிலிருந்து வரும்போது இரண்டு ஃப்ளட் லைட் நேராகக் கண்ணில் அடிக்கிறது. கண் கூசி, கம்பத்தைத் தாண்டியதும் புளியமரத்தடி முன்பைவிட இருட்டாகத் தெரிகிறது. போன தை மாதம் அங்கே படுத்திருந்த எருமை தெரியாமல் பிரேக் போட்டு விழுந்தாள். முழங்கையில் ஏழு தையல். அவள் விழுந்தது வெளிச்சம் போதாமல் இல்லை, வெளிச்சம் தவறான இடத்தில் அடித்ததால். மேலே போகிற ஒவ்வொரு துளி வெளிச்சத்துக்கும் நாம் வரிப்பணத்தில் கரண்ட் பில் கட்டுகிறோம், அது தரையில் விழவே இல்லை.

எங்கள் தெரு தாண்டினால் ரோட்டை ஒட்டி ஒருவர் அரை ஏக்கரில் சாமந்தி போடுகிறார். கம்பம் வந்த பிறகு, ரோட்டோரத்து முதல் நான்கைந்து வரிசைச் செடிகள் ஆள் உயரம்போல வளர்ந்து இலையாகவே நிற்கின்றன, மொட்டு வைப்பது வாரக்கணக்கில் தள்ளிப்போகிறது. உள்ளே தள்ளி இருக்கும் வரிசைகளில் பூ ஒழுங்காக வருகிறது. அவர் உரத்தை மாற்றினார், மருந்து அடித்தார், விதைக்காரரிடம் சண்டை போட்டார். சாமந்தி நீண்ட இரவு இருந்தால்தான் மொட்டு விடும் செடி. பூப்பதைத் தள்ளிப்போடுவதற்காகவே பசுமைக்குடில்களில் ராத்திரி பல்பு எரிய விடுகிறார்கள். அங்கே காசு கொடுத்துச் செய்வதை இங்கே நீங்கள் இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள், அவர் கேட்காமலேயே, அவர் நஷ்டத்தில். அவர் மனு எழுதத் தெரியாதவர். அதனால் அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 78 வயது. மொட்டை மாடியில் படுத்து, கார்த்திகை நட்சத்திரத்தில் ஆறையும் எண்ணிக் காட்டியவர் அவர்தான். எனக்கு வானம் அறிமுகமானதே அப்படித்தான். போன மார்கழியில் பேரனுக்குக் காட்டப் போனார். ஒரு மங்கலான திட்டுதான் தெரிந்தது. தன் கண்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, மறுநாள் கண் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டார். பேரனுக்கும் தெரியவில்லை அம்மா, அவனுக்குப் பத்து வயது என்று சொன்னேன்.

இவ்வளவும் எந்த ஊரில் நடக்கிறது என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நம் தலைக்கு மேலே ஜவ்வாது மலை. அங்கே காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம். 1960-களின் கடைசியில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், காடும் இருட்டும் இருந்ததால்தான். 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயம் காவலூரிலும் பதிவானது. 1986-இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது, இந்தியாவிலேயே செய்தது. 1988-இல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். மலைப்பாதையில் ஏறி இரவில் திரும்பிப் பாருங்கள். அடிவாரத்து ஊர்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளைக் கூடாரம் நிற்கிறது. அதில் நம்முடையது ஒன்று. என் கொல்லைப்புறம் போனால் போகட்டும், ஒரு கணக்குப்பிள்ளையின் ஆசை என்று விட்டுவிடலாம். காவலூரை அப்படி விட முடியுமா?

காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் லடாக்கில் ஹன்லேயிலும் ஆய்வகம் நடத்துகிறது. 2022-இல் அந்தப் பகுதியை இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். சுற்றியுள்ள கிராமத்துக்காரர்களுக்கே தொலைநோக்கி கொடுத்து, பயிற்சி கொடுத்து, வானம் பார்க்க வரும் பயணிகளை வைத்து வருமானம் பார்க்க வழி செய்தார்கள். அமெரிக்காவில் டூசான் நகரைச் சுற்றிய மலைகளில் பெரிய பெரிய ஆய்வகங்கள் இருக்கின்றன. அந்த நகரம் தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றியபோது 3000 கெல்வின் வகையைத் தேர்ந்தெடுத்து, நள்ளிரவுக்குப் பிறகு வெளிச்சம் தானாகக் குறையும்படி வைத்தது. அங்கேயும் பெண் பிள்ளைகள் இரவில் வீடு திரும்புகிறார்கள்.

தெருவிளக்கு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. விளம்பரப் பலகைகள், கல்யாண மண்டபங்கள், பெட்ரோல் பங்க்குகள் எல்லாம் சேர்ந்துதான். ஆனால் நகராட்சியே வானத்தைப் பார்த்து விளக்கு வைத்தால், மண்டபக்காரரிடம் போய் நான் எந்த முகத்தோடு பேசுவது?

சரி, நான் கேட்பவை இவை.

முதலில் ஏரிக்கரை. அங்கே உயர்கோபுர விளக்கு வேண்டவே வேண்டாம். ஊருக்குள் மிச்சம் இருக்கும் ஒரே இருட்டு அதுதான். கொக்கும் நாரையும் அடையும் இடமும் அதுதான். நடைப்பயிற்சிக்கு வெளிச்சம் வேண்டும் என்றால், இடுப்பளவு உயரத்தில் கீழ்நோக்கி ஒளிரும் சின்னக் கம்பங்கள் போடுங்கள், 9 மணிக்கு அணைத்துவிடுங்கள்.

எங்கள் முச்சந்தியில் ஏற்கெனவே இருப்பதை எடுக்கச் சொல்லவில்லை. ஆறு ஃப்ளட் லைட்டையும் தரைக்கு நேராகத் திருப்பி, வீடுகளைப் பார்த்த பக்கம் மறைப்புத் தகடு மாட்டுங்கள். ஏணி வண்டியும் ஸ்பேனரும் இருந்தால் ஒரு காலையில் முடிகிற வேலை. தகட்டுக்கு நிதி இல்லை என்றால், அந்த ஒரு கம்பத்துக்கு நானே லேத்துப் பட்டறையில் சொல்லிச் செய்து தருகிறேன். அனுமதியை மட்டும் எழுத்தில் கொடுங்கள். இரவு 11 மணிக்கு மேல் ஆறில் மூன்றை அணைக்க, கம்பத்தடிப் பெட்டியில் இருக்கும் டைமரை மாற்றி வைத்தாலே போதும் என்று உங்கள் மின் பணியாளரே என்னிடம் சொன்னார்.

மீதி 8 இடங்களுக்கு டெண்டர் விடுவதற்கு முன்னால் நிபந்தனைகளைத் திருத்துங்கள். 6500 கெல்வினை எடுத்துவிட்டு 3000-க்கு மேல் போகக்கூடாது என்று எழுதுங்கள், 2700 கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைமட்டத்துக்கு மேலே வெளிச்சம் போகாத வடிவம் என்று எழுதுங்கள். இரண்டும் சந்தையில் கிடைக்கிற சரக்குதான். அந்த 8 இடங்களில் எத்தனைக்கு உண்மையில் 12 மீட்டர் கம்பம் தேவை, எத்தனைக்குச் சாதாரணத் தெருவிளக்கே போதும் என்று ஒரு இரவு நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். கூப்பிட்டால் அளவுக் கருவியோடு நானும் வருகிறேன். திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை நகராட்சிக்கே எழுதித் தருகிறேன்.

காவலூர் ஆய்வகத்தாரிடம் ஒரு கடிதம் எழுதிக் கருத்துக் கேளுங்கள். அது வரும்வரை தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள்.

கடைசியாக, இந்த மடலுக்குப் பதில். "முடித்துவைக்கப்பட்டது" என்ற வரி வேண்டாம். மேலே கேட்ட ஒவ்வொன்றுக்கும் செய்வோம், செய்ய மாட்டோம், செய்ய மாட்டோம் என்றால் ஏன் என்று, டெண்டர் திறக்கும் தேதிக்கு முன்னால் எழுத்தில் வேண்டும். மாசி அமாவாசைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் அந்த ஒரு கம்பத்தையாவது திருப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
முச்சந்தித் தெருவாசி ஒருவர்